ஒன்றரை சென்டிமீட்டர்

என் அக்காவின் கழுத்தில் அளவு டேப் இல்லாத நேரம் குளிக்கிற நேரம் மட்டும்தான். இருபத்தாறு வருஷமாகத் தையல். வீட்டின் முன்னறைதான் கடை. ரெண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் பாதித் தைத்த சீருடைகள். நர்சுகள், கண்டக்டர்கள், காவலாளிகள் என்று ஊரில் சீருடை போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் கைதான். ஆளை வாசலில் பார்த்த மாத்திரத்தில் தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று மனசுக்குள் முடிவு கட்டிவிடுவாள். அப்புறம் டேப்பை வைத்துப் பார்ப்பது சும்மா ஒரு மரியாதைக்கு. என்னைக் கண்டால் வா என்று சொல்வதற்கு முன்பே, "இடுப்பு ரெண்டு இஞ்சு ஏறியிருக்கு" என்பாள்.

இப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, உனக்கு அளக்கத் தெரியாது என்று ஒரு அலுவலகம் முத்திரை குத்தி எழுதிக் கொடுத்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

விஷயம் மீன். அக்கா வீட்டில் வாரத்துக்கு ரெண்டு நாள் மீன் உண்டு. கடையில் வாங்குவது கிடையாது, ஏரியில் பிடிப்பது. முன்பெல்லாம் பிடித்தவர் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். பஸ் டெப்போவில் டயர் மாற்றுகிற வேலை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் மூணு வார்த்தை டயரைத் திட்டுவதாக இருக்கும். விடிந்ததும் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்தால்தான் மனுஷனுக்கு மூச்சே ஒழுங்காக வரும். நான் தனிக்கட்டை. ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறேன். ஞாயிறு மதியம் எனக்குச் சோறு அக்கா வீட்டில்தான். ஆகவே இந்த வழக்கில் என் வயிறும் ஒரு கட்சி.

ஏரி பெரியது. சுற்றி வர ஒரு மணி நேரம் ஆகும், சுற்ற விட்டால். விடமாட்டார்கள். ஒரு பக்கம் படகு கிளப். இன்னொரு பக்கம் பங்களாக்கள், ஒவ்வொன்றும் தண்ணீர் வரைக்கும் வேலி போட்டு ஏரியையே தன் வீட்டுக் கொல்லை ஆக்கிக்கொண்டது. மூன்றாவது பக்கம் தண்ணீர் ஏற்றும் நிலையம், கம்பி வேலி. எங்களைப் போன்றவர்களுக்கு என்று மிச்சம் விட்டது மதகுக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் எண்பது தப்படி. அதற்கும் ஒரு சின்னக் கதவு, காலை ஆறுக்குத் திறந்து பத்துக்குப் பூட்டிவிடுவார்கள். அந்த எண்பது தப்படியிலும் தண்ணீர் முழங்கால் ஆழம்தான், பாதிக்குப் பாசி.

மீன் நிற்கிற ஆழமெல்லாம் படகு கிளப்பின் மரமேடைக்குக் கீழே இருக்கிறது. அங்கே தொப்பி போட்ட கனவான்கள் நாற்காலியில் சாய்ந்தபடி மீன் பிடிப்பார்கள். பிடித்ததை நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீரில் போட்டுவிடுவார்கள். அவர்கள் மீனை யாரும் அளப்பதில்லை. தின்பதில்லையாம், அதனால் அளவு தேவையில்லையாம். வாய் கிழிந்து போன மீனிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுகிறவன் பிடித்தால் மட்டும் பலகை வந்துவிடும்.

பலகை என்பது ஏரி அலுவலகத்தின் அளவுப் பலகை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையில் உலாத்தும் காவலரை எல்லோரும் பலகைக்காரர் என்றே கூப்பிடுவோம். சட்டம் இதுதான்: ஆளுக்கு ஒரு பர்மிட், ஒரு தூண்டில், ஒரு முள், ஒரு நாளைக்கு ரெண்டு மீன். மீன் முப்பது சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மீனைப் பிடுங்கிக்கொண்டு பர்மிட்டில் ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார்கள். மூணு புள்ளி விழுந்தால் மூணு வருஷத்துக்கு ஏரிப்பக்கமே தூண்டிலோடு தலைகாட்டக்கூடாது. குஞ்சு மீன் பிழைக்கட்டும் என்று போட்ட சட்டம். அதை நான் குறை சொல்லவில்லை.

போன வருஷம் மாமாவுக்கு ஒரே கோடையில் மூணு புள்ளி விழுந்தது. பர்மிட் போயிற்று. மூணாவது மீனைப் பற்றி வீட்டுக்கு வந்து அவர் தன் கணக்கில் ஒரு பிரசங்கமே செய்தார். சாணும் நாலு விரலும் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, பலகையில் எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை என்றார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள். முன்னொரு தடவை ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துவரச் சொன்னபோது அவர் சாணால் அளந்து வந்து, திரை ஜன்னலின் அடிக்கட்டைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுபோன கதையை எடுத்துவிட்டாள். நானும் சேர்ந்துகொண்டேன். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று நோட்டீஸின் அடியில் போட்டிருந்தது. எழுதலாமா என்று அவர் கேட்டார். "அங்க போய் சாண் கணக்குச் சொல்லி அசிங்கப்படாதீங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் கிண்டல் முடியவில்லை. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் எது குட்டையாக இருந்தாலும், மாமா அளந்தது என்போம்.

மீன் இல்லாமல் வீடு ஓடாது என்று ஆனதும் அக்கா தன் பெயரில் பர்மிட் எடுத்தாள். அதுவரை தூண்டிலைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. அவள் கற்றுக்கொண்ட விதமே வேடிக்கை. மாமா கூடவே வருவார், ஆனால் தூண்டிலைத் தொடக்கூடாது. ஒரு நிமிஷம் பிடித்துக் கொடுத்தாலும் குற்றம் என்று பலகைக்காரர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அதனால் அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மிதவை அமிழ்ந்தால் அவர் தோள் துடிக்கும். பொறு, இழுக்காத, இப்ப இழு என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்குவார். டயரைத் திட்டுகிற மனுஷன் ஒரு பாசியைக்கூடத் திட்ட முடியாமல் நின்றதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அக்கா எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வாள். கரையோரம் ஆழமில்லாததால் குட்டைத் தூண்டில் வீண் என்று நீட்டி மடக்குகிற பதினைந்தடிக் கழி வாங்கினாள். பாசிக்கு அப்பால் போய் விழ வேண்டும், அதே சமயம் சளப்பென்று விழக்கூடாது, அதற்காக ஈயக்குண்டைக் கத்தரியால் கிள்ளிக் கிள்ளிக் குறைத்தாள். மண்புழு போட்டால் பொடி மீன்தான் முதலில் வந்து மொய்க்கிறது என்று பார்த்துவிட்டு, இரையை மாற்றினாள். கெட்டியாகப் பிசைந்த மாவை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வைப்பாள். பொடி மீன் கடித்தாலும் வாயில் அடங்காது.

முதல் புள்ளி விழுந்தபோது அவள் பலகையைச் சந்தேகப்படவில்லை, தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். முள் சின்னதாக இருக்கிறது போல என்று சொல்லி அதைவிட ரெண்டு நம்பர் பெரிய முள்ளுக்கு மாறினாள். அந்த முள் நுழைகிற வாயுள்ள மீன் எப்படிக் குஞ்சாக இருக்கும்? ரெண்டாவது புள்ளியும் விழுந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு நர்சுக்குத் தோள் அளவை மூணு தரம் எடுத்தாள். கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று என்னைக் கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இன்னொரு புள்ளி விழுந்தால் வீட்டில் பர்மிட் என்று ஒன்று இருக்காது. அதனால் மூணாவது தடவை கண்ணை நம்பாமல் டேப்பால் அளப்பது என்று முடிவு செய்தாள். ஒரு கெண்டை மாட்டியது. கரையில் ஈரச் சாக்கை விரித்து, மீனை நீட்டி, டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைத் திருப்பி, மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தாள். முப்பத்தொன்று. நானும் பார்த்தேன், மாமாவும் குனிந்து பார்த்தார், கையைக் கட்டியபடியே. பிறகுதான் மீனைப் பைக்குள் போட்டாள்.

பலகைக்காரர் வந்தார். பலகையில் மீனைக் கிடத்தினார். இருபத்தொன்பதரை என்றார். அக்கா டேப்பைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜாக்கெட் தைக்கிற டேப்பெல்லாம் இங்கே செல்லாது, சர்க்கார் பலகை சொல்வதுதான் அளவு என்றார். பலகையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அரசாங்கப் பொருளைத் தொடக்கூடாது என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மீனை எடுத்துக்கொண்டார், மூணாவது புள்ளியை வைத்துப் பர்மிட்டையும் வாங்கிக்கொண்டார். அங்கேயே நின்று நோட்டீஸ் எழுதினார். பர்மிட்தாரர் அளவு குறித்துப் போதிய அறிவின்றிச் செயல்பட்டதாக அதில் ஒரு வரி. இருபத்தாறு வருஷத் தையல்காரிக்கு! நான் ரெண்டு வார்த்தை சொல்லப் போனேன், அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மறுநாளே மேல்முறையீடு எழுதினாள். மூணு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். மாமா டெப்போவுக்குப் போய்விட்டார். லீவு போடட்டுமா என்று கேட்டாராம், வேண்டாம் என்றிருக்கிறாள்.

ஏரி அலுவலகம் என்பது ஒரு மாடி, நாலு மேஜை, யாரும் தொடாத கோப்புகள். எங்களை ஒரு மணி நேரம் பெஞ்சில் ஊறப்போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பலகைக்காரர் பலகையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மீன் எங்கே என்று அக்கா முதலில் கேட்டாள். விதிப்படி அழிக்கப்பட்டது என்றார் அதிகாரி. எந்த அடுப்பில் அழிக்கப்பட்டது என்று நான் கேட்க நினைத்தேன். பலகைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா தன் அளவைச் சொன்னாள். அதிகாரி பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல விளக்கினார். துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும், அதனால்தான் அதில் மீன் பெரிதாகத் தெரிந்தது என்றார்.

"இழுபட்ட டேப்புல கோடெல்லாம் தள்ளித் தள்ளிப் போயிடும் சார். அதுல அளந்தா எதுவும் குறைச்சலாத்தான் காட்டும், கூடுதலாக் காட்டாது" என்றாள் அக்கா.

அவருக்கு அது புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புரியாததை ஒப்புக்கொள்ளவும் மனசில்லை. எப்படியானாலும் சான்று பெற்ற கருவி பலகைதான் என்று முடித்துவிட்டு, மூடியில்லாத பேனாவை எடுத்தார். மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது என்று எழுதப்போகிறார் என்று தெரிந்துவிட்டது.

அக்கா எழுந்தாள். எனக்கு வந்த நோட்டீஸைக் கையில் வைத்திருக்கிறேன் சார், இதை ஒரு தரம் பலகையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே வைத்துவிட்டாள். தாளின் ஒரு விளிம்பைப் பலகையில் மீனின் மூக்கு இடிக்கிற தலைக்கட்டையில் முட்டக் கொடுத்து, நகத்தால் நீவி, மறு விளிம்பு எங்கே வருகிறது என்று காட்டினாள்.

"இருபத்தெட்டு புள்ளி ரெண்டு. இந்தத் தாள் இருபத்தொம்பது புள்ளி ஏழு சார். உலகத்துல எங்க வாங்கினாலும் அதான் அளவு. நான் இதுலதான் காலருக்கு மாதிரி வெட்டுறேன்."

நாள் முழுக்க ஏ4 தாளோடு குப்பை கொட்டுகிறவன் நான். எனக்கு இது தோன்றவில்லை.

தாள் மட்டமாக இருக்கும் என்றார் அதிகாரி. தன் மேஜையிலிருந்தே புதுத் தாள் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வைத்தார். இருபத்தெட்டு புள்ளி ரெண்டு. கட்டின் உறையைத் திருப்பினார். 297 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. அப்புறம்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையை உற்றுப் பார்த்தார். கடையில் வாங்கின ஸ்கேலைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். எந்த ஸ்கேலிலும் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும் அல்லவா? தலைக்கட்டையைப் பூஜ்யத்தில் வைத்து அடிக்காமல் ஸ்கேலின் விளிம்பில் வைத்து அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு மீனின் மூக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கணக்கில் வராமல் போயிருக்கிறது.

பலகைக்காரர், ஆபீஸில் கொடுத்த பலகை சார் என்றார். அது உண்மைதான். போன வருஷத் தொடக்கத்தில் ஆறு பலகை செய்து ஆறு ஏரிக்கும் அனுப்பியதாம் அலுவலகம். ஆறும் ஒரே அச்சு. ரெண்டு கோடை முழுக்க எத்தனை பேர் பையிலிருந்து எத்தனை மீனைப் பிடுங்கியிருப்பார்கள்? ஒருத்தர்கூட அந்தக் கட்டையைக் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத்தான் நம்மைத் தொடவே விடவில்லையே.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதிகாரி அந்த நோட்டீஸை ரெண்டாகக் கிழித்தார், அக்காவின் பர்மிட்டில் மூணு புள்ளியையும் அடித்துக் கையெழுத்துப் போட்டார், பலகைகளைத் திரும்பப் பெறுவோம் என்றார். ஏதோ பெரிய மனசு பண்ணின மாதிரி பர்மிட்டை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் போன வருஷம் இதே பலகைலதான் மூணு புள்ளி வச்சீங்க" என்றாள்.

அதிகாரி மாமாவின் கோப்பை எடுக்கச் சொன்னார். எடுத்துப் புரட்டினார். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு வரவில்லை, ஆகவே முடிந்துபோன கோப்பு, அதைத் திறக்க விதியில் இடமில்லை, மூணு வருஷம் முடிந்ததும் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார். தப்பு உங்கள் பலகையில் இருக்கும்போது தண்டனை மட்டும் எப்படி நிற்கும் என்று நான் சத்தம் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி என்னைச் சட்டை செய்யாமல் அக்காவிடம் சொன்னார்:

"அப்பவே ஒரு மனு போட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்மா. ஏன் போடலை?"

அக்கா பர்மிட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழி முழுக்க நான்தான் பொரிந்துகொண்டு வந்தேன். பத்திரிகைக்கு எழுதலாம், ஆறு ஏரிக்காரர்களையும் திரட்டலாம், அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று என்னென்னவோ. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

மாமா சாயங்காலம் டெப்போவிலிருந்து வந்து, பின்கட்டில் கையில் ஒட்டியிருந்த கரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பலகை, தாள், வெற்றிடம், கிழித்த நோட்டீஸ் என்று ஒன்று விடாமல். அவருடைய கோப்பைத் திறக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னாள். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"உங்க மூணு மீனும் சரியான அளவுதான். அந்தப் பலகையை நம்பிட்டேன்" என்றாள்.

அவர் கையைக் கழுவி முடித்தார். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பலகைக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?"

அதிகாரியைத் திட்ட நான் வைத்திருந்த வார்த்தை அத்தனையும் வாயிலேயே இருந்தது. ஒரு வருஷமாக மாமாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன், அதனால் அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.